நாலு வண்டி நிக்கு

சிப்பிக்கழியில் மனிதர்கள் கனக்கத் தொடங்கிய வருஷம், பங்குனி மாதம் ஒன்பதாம் தேதி, பகல் பன்னிரண்டரை மணிக்கு, எடை மேடைக்காரர் நாராயணவடிவின் மனைவி தவக்கனி, ஒரு கையில் சோற்றுத் தூக்குச் சட்டியும் மறு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக, எப்போதும் வரும் குறுக்கு வழியில் எடை மேடையின் இரும்புத் தகட்டில் ஏறி நடந்தாள். அறைக்குள் இருந்த பெட்டியில் சிவப்பு எண்கள் துடித்து, ஓடி, முந்நூற்று நாற்பதில் வந்து நின்றன.

நாராயணவடிவு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முந்நூற்று நாற்பதுதான்.

அது அறுபது டன் நிறுக்கும் மேடை. உப்பளங்களில் இருந்து துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் அத்தனையும் அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஐந்து கிலோ ஐந்து கிலோவாகத்தான் அது எண்ணும். ஐந்துக்குக் கீழே உள்ள எதையும் மதிக்காது. கல்யாணமான நாள் முதல் இருபத்தாறு வருஷமாக, வீட்டில் இருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்துவைத்து நடந்து தவக்கனி சோறு கொண்டுவருகிறாள். அவள் தகட்டில் கால் வைத்தால் பெட்டியில் ஐம்பது என்று விழும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஐம்பது விழுந்தால் சோறு வந்துவிட்டது என்று அர்த்தம்.

"கனி, கீழ இறங்கி இன்னொரு தடவ ஏறு."

"எதுக்கு?"

"மிசினு சரியில்ல."

அவள் இறங்கி ஏறினாள். முந்நூற்று நாற்பது. சாப்பிட்டு முடித்ததும் அவர் இருபது கிலோ எடைக்கற்கள் இருபத்தைந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தகட்டில் அடுக்கினார். ஐந்நூறு என்று நின்றது. மிசினில் ஒரு பழுதும் இல்லை. அவள் போன வழியில் ஈர மண்ணில் நாலு விரல் ஆழத்துக்குக் கால் பதிந்திருந்ததையும், சாக்கடைக்கு மேல் போட்டிருந்த பலகை நடுவில் விரிசல் விட்டிருந்ததையும் அவர் அப்போதுதான் பார்த்தார். பார்த்துவிட்டு அறைக்குள் போய், காத்துக்கொண்டிருந்த லாரியை நிறுத்தார்.

தவக்கனி பருத்துவிடவில்லை. கையில் வளையல் முன்னைப்போலவே தொளதொளவென்று ஆடியது. ஆனால் மூன்றாம் நாள் கட்டில் முறிந்தது. ஐந்தாம் நாள் மினிபஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றபோது, கண்டக்டர் எல்லாரையும் இறக்கி ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்து, "மைனி, நீங்க பின் சக்கரத்துக்கு மேல உக்காருங்க, இல்லாட்டி வண்டி படுத்துரும்" என்றார். அவளும் சரி என்று அங்கே போய் உட்கார்ந்தாள். அதோடு ஊருக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் வீட்டுப் படி ஏன் இறங்கியது, தன் ஊஞ்சல் சங்கிலி ஏன் அறுந்தது, அளத்தில் தான் நடக்கும் வரப்பு மட்டும் ஏன் சரிகிறது என்று ஒவ்வொருவராக யோசித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஓய்ந்த நேரத்தில் எடை மேடை முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். டீக்கடை ஞானதுரை நூற்றுத் தொண்ணூறு. முத்தாரம்மன் கோயில் சாமியாடி எழுநூற்றுப் பத்து. வருஷா வருஷம் கொடைத் திருவிழாவில் அவர் மேல் வந்து அம்மன் சொன்ன எதையும் ஊர் காதில் வாங்கியதில்லை என்று ஞானதுரை சொன்னார், சாமியாடியும் ஆமாம் என்று தலையசைத்தார். கட்சிக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் பேசுகிறவர் ஒருவர் வந்து ஏறினார். உடம்பு எடைக்கு மேல் ஐந்து கிலோகூட இல்லை.

"அதெப்படிவே, இவம் பேசுனத ஒரு ஆளும் கேட்டதில்லையே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அவரு யார்ட்டவே பேசுனாரு? மைக்குட்டல்லா பேசுனாரு" என்றார் ஞானதுரை. பேச்சாளரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அப்போது ஊர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. சிரிப்பு நின்றது மூன்றாம் வெள்ளிக்கிழமை. அளத்தில் உப்பு வாரப் போகிற பாக்கியலீலாவின் மகள் தர்ஷிகா, நாலாம் வகுப்பு, ஒன்பது வயது. கணக்குத் தப்பாகப் போட்டதற்கு டீச்சர் அவளைப் பெஞ்சில் ஏறி நிற்கச் சொல்ல, பெஞ்சு இரண்டாகப் பிளந்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாக்கியலீலா அவளை மேடையில் ஏற்றினாள்.

நூற்றுப் பதினைந்து.

பாக்கியலீலாவும் மேடையில் ஏறப் போனாள். "ஏறாத, ஏறாத" என்று நாராயணவடிவு உள்ளே இருந்து சத்தம் போட்டார். நிறுக்கும்போது மேடையில் சரக்கைத் தவிர யாரும் நிற்கக்கூடாது, டிரைவர்கூட இறங்கித் தரையில் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முப்பத்தொரு வருஷமாக அவர் அதை யாருக்காகவும் தளர்த்தியதில்லை. பாக்கியலீலா கீழேயே மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னட்டி ஆச்சு ஒனக்கு? எங்கிட்ட என்ன சொன்ன நீ?"

"போர்டு தெரியலம்மா."

"எப்பட்டி சொன்ன?"

"நீ அளத்துக்குப் போகையில சொன்னேன். சோறு பொங்கையில சொன்னேன். செல்லுல பேசையில சொன்னேன். டீச்சர்ட்டயும் சொன்னேன்."

பாக்கியலீலா சரி என்றும் சொல்லவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. உப்பு வெயிலில் வருஷக்கணக்காகக் கூசிச் சுருங்கிப்போன தன் கண்ணை அகல விரித்து, மகளின் கண்ணையே பார்த்தபடி, வாய் திறந்தது திறந்தபடி இருந்தாள். டிரைவர்கள் பார்ப்பதற்காக வெளிச் சுவரில் வைத்திருந்த பெட்டியில் எண்கள் ஓடத் தொடங்கின. நூறு, எழுபது, நாற்பது, இருபத்தைந்து. இருபத்தைந்தில் நின்றன.

கூட்டம் எண்ணைப் பார்த்து ஆவென்றது. பாக்கியலீலா மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அவள் செருப்பு மண்ணில் அழுந்தி அழுந்தி எழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை; எல்லாரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறு வாரம் தர்ஷிகா கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அதில் இருந்து ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சொல்லிக் கேட்கப்படாதது சொன்னவர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. யாரிடம் சொன்னோமோ அவர் கேட்டால் இறங்குகிறது. ஏன் இந்த ஊரில், ஏன் இந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் இந்த வருஷம் பிந்தியது என்று கேட்டால் யார் பதில் சொல்லப் போகிறார்கள்? வெள்ளிதோறும் மேடைக்குப் பக்கத்துத் தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சொன்னவர் மேடையில், கேட்க வேண்டியவர் நாற்காலியில். புருஷன்மார் வந்து உட்கார்ந்து, பெண்டாட்டி வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டினார்கள், எண் அசையவில்லை.

"தலையாட்டுனா எறங்காது அண்ணாச்சி. ஓணாங்கூடத்தான் தலையாட்டுது" என்று பெண்கள் பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

பக்கத்து ஊரில் இருந்து பொறுமைசாலி என்று பேர் வாங்கிய ஒருவரை அழைத்து வந்து உட்காரவைத்தும் பார்த்தார்கள். அவர் நாள் முழுக்க அருமையாகக் கேட்டார். ஒரு கிலோவும் குறையவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம், மாப்பிள்ளையின் அம்மா என்ன கனம் என்று பெண் வீட்டார் விசாரித்தார்கள். தாய் கனத்துக் கிடக்கும் வீட்டில் மகன் எப்படிப்பட்டவன் என்பது கேட்காமலே தெரிந்துவிடும். வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள் போன் போட்டு, "நீ என்ன சொன்னம்மா, எப்ப சொன்ன?" என்று கேட்டு, அதில் பாதிப் பேருக்கு இறங்கியது. கேட்க வேண்டியவர் செத்துப்போயிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள். ஊராட்சித் தலைவி அவர்களுக்கு ரோட்டோரத்தில் கருங்கல் பெஞ்சுகள் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அவர்கள் அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் போகிறவர்கள் சைக்கிள் மணியை அடிக்காமல் போவார்கள்.

நாராயணவடிவு அறுபது கிலோ. நிறுத்த ஒவ்வொரு தடவையும் அறுபதுதான். அவர் அதிகம் பேசாதவர். பிறத்தியார் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், நாற்பத்தேழு நிறுவைப் பதிவேடுகளை மணி மணியான எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒரு லாரியின் காலி எடையோ பார எடையோ பிசகியதாக ஒருவரும் வந்து நின்றதில்லை. எதையும் சொல்லாதவனுக்கு எதுவும் தங்காது என்று அவருக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. ஆனால் தவக்கனி வாரா வாரம் ஏறிக்கொண்டே போனாள். சித்திரை முடிய ஐந்நூற்று ஐம்பது. வைகாசி முடிய எண்ணூற்று எண்பது. அவள் மேடையில் நிற்கும்போது அவர் போய் நாற்காலியில் உட்காரவில்லை. எண்ணைப் பதிவேட்டில் எழுத உள்ளே ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது உண்மையும்கூட.

அவர்கள் வீடு, பழைய உப்புப் பாத்தியைச் சரள் போட்டு மேடாக்கிக் கட்டியது. இரண்டடி தோண்டினால் தண்ணீர். ஆனி பிறந்ததும் அடுக்களையில் தளக்கல் பிளந்து, தவக்கனியின் இடது கால் கணுக்கால் வரை சேற்றில் போனது. ஊராட்சித் தலைவி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வருத்தப்படாதிய. ஒரு டன்னத் தாண்டுனா இந்த மண்ணு தாங்காது. அக்காள மேக்க கல்லுப்பூமிக்கு அனுப்பிருங்க. அவிய தம்பி வீடு பாறை மேலதான இருக்கு?" என்றார். தவக்கனியின் தம்பி மந்திரமூர்த்தி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி கொண்டுவருவதாகப் போனில் சொன்னான்.

திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

நாராயணவடிவு ஒரு புது நோட்டு வாங்கினார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, கருங்கல்லில் உட்கார்ந்திருந்த தவக்கனிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பேசு கனி. என்ன வேணும்னாலும் பேசு. நாங் கேக்கேன்" என்றார். அவளும் பேசினாள். குழாயில் தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டு ஆடு முருங்கைக் கன்றைக் கடித்தது, தம்பி மகளுக்குப் பல் முளைத்தது என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் ஒரு வரி விடாமல் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டார். நாலு நாளில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வரிகள். சனிக்கிழமை காலையில் அவளை மேடையில் ஏற்றினார். தொள்ளாயிரத்து நாற்பது. எழுதத் தொடங்கிய நாளைவிட இருபது கூடியிருந்தது.

"கூடியிருக்கு" என்றார் அவர், நம்ப முடியாமல். "ஒரு வார்த்த விடலியே நானு."

"எழுதுனிய. கேக்கலியே."

"வேணும்னா வாசிச்சுக் காட்டட்டா? மொத வரியில இருந்து சொல்லட்டா?"

"அதத்தான் சொல்லுதேன்" என்றாள் தவக்கனி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தகடு முனகியது.

அவர் நோட்டை மூடினார். மேடை ஓரத்துக்கு வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டார். "நான் கேக்காம விட்டது எது? அதச் சொல்லு. இப்பக் கேக்கேன்."



"அத ஒரு தடவதான் சொல்ல வரும். சொல்லிட்டேன். இனி எடுத்துச் சொன்னா அது வேற பேச்சு. அது இது இல்ல."

"எப்பச் சொன்ன? அதையாவது சொல்லு."

"நீங்கதான எல்லாத்துக்கும் தேதி வச்சிருக்கிய" என்று சொல்லிவிட்டு, தகட்டில் இருந்து ஒவ்வொரு காலாகப் பார்த்து இறக்கி வைத்து, வீட்டுக்கு நடந்தாள். குறுக்கு வழியில் சேறு இருந்ததால் ரோட்டைச் சுற்றித்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எடை மேடைக்கு விடுமுறை. வீட்டில் தவக்கனி நாலு சேலைகளை மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நாராயணவடிவு ஞானதுரை கடைக்கு வந்து நின்றார். ஞானதுரை டீயை ஆற்றிக் கையில் கொடுத்து, ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர் என்பதால் வழக்கமான கேலியை எடுத்தார்.

"வடிவு அண்ணாச்சி, முப்பத்தோரு வருசம், நாப்பத்தேழு புஸ்தவம். ஒரு அடித்தல் திருத்தல் உண்டுமாவே? எங் கல்யாணப் பத்திரிகையிலயே மூணு தப்பு."

இல்லை என்று சொல்ல நாராயணவடிவு வாயைத் திறந்தார். எத்தனையோ தடவை சொன்ன இல்லை. அந்த மத்தியானம் அதைச் சொல்லாமல், டீயை அப்படியே பலகையில் வைத்துவிட்டு எடை மேடை அறையைத் திறக்கப் போனார்.

ஒரு அடித்தல் உண்டு.

இருபத்திரண்டாம் பதிவேடு, எண்பத்து மூன்றாம் பக்கம், வைகாசி இருபத்தொன்று, காலை பத்து நாற்பது. காலி எடை 6,240. பார எடை 16,840 என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 16,480. பதினேழு வருஷம். மை பழுப்பேறியிருந்தது. இந்தக் கை எதனால் அன்றைக்கு மட்டும் பிசகியது என்று அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

முதலில் சத்தங்கள்தான் வந்தன. கப்பல் காத்திருந்த நாள் அது. வரிசையில் நின்ற லாரிகளின் இஞ்சின், பின் கதவுச் சங்கிலி மோதும் ஓசை, ஒரு டிரைவர் விடாமல் அடித்த ஹார்ன், மேலே மின்விசிறி, தன் பேனா தாளில் உரசுவது. பார எடையில் இருந்து காலி எடையைக் கழிப்பது அவருக்குத் தெரிந்த வேலை. ஆகவே கழித்தார். இஞ்சினைக் கழித்தார். சங்கிலியைக் கழித்தார். ஹார்னைக் கழிக்க நேரம் பிடித்தது, கழித்தார். மின்விசிறியையும் பேனாவையும் கழித்துவிட்டுப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே, கையில் தூக்கு இல்லாமல், வராத நேரத்தில் வந்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தவக்கனி நின்றாள். அவள் தகட்டைக் கடந்து வந்தபோது பெட்டியில் அறுபது விழுந்ததும்கூட நினைவுக்கு வந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்று மாதங்களாக அது ஏறியதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஏறிய எண் அது.

"இங்கேருங்க, ரெண்டு நாளாப் பிள்ள அசையவே இல்ல. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவமா?"

"இரு, நாலு வண்டி நிக்கு."

நாலு வண்டியையும் நிறுத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது ஜன்னலில் ஆள் இல்லை. அடுத்து மூன்று வண்டி வந்தது. மறுநாள் அவளைத் தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதற்கு மறுநாள் குழந்தை செத்துப் பிறந்தது. அதையும் தம்பிதான் கொண்டுபோய் அடக்கினான். கப்பல் போனபிறகு வந்த நாராயணவடிவு, எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லையே என்று எல்லாரிடமும் சொன்னார். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்தது. ஊரும் விதி என்றது. தவக்கனி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. நாற்பது நாள் கழித்துத் தூக்கை எடுத்துக்கொண்டு தகட்டில் நடந்து வந்தாள். பெட்டியில் ஐம்பது விழுந்தது. சோறு வந்துவிட்டது என்று அவர் கை கழுவப் போனார்.

இதெல்லாம் நினைவில்லாமல் இல்லை. ஜன்னலில் நின்ற அந்தக் குரல் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. இப்போது அது இருந்தது. அவள் "என்னமோ மாதிரி" என்று சொன்னபோது குரல் எங்கே தட்டியது என்பதுவரை இருந்தது.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நாலு காலும் ஒரே நேரத்தில் முறிந்தன.

தரையில் கிடந்தவர், ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார், கம்பி வளைந்தது. வெளியே வந்து மேடையில் ஏறினார். வெளிச் சுவர்ப் பெட்டியில் தொள்ளாயிரத்து ஐம்பது என்று நின்றது. தொள்ளாயிரத்து நாற்பதில் அவளுடைய ஐம்பது போக எண்ணூற்றுத் தொண்ணூறு. அதோடு அவருடைய அறுபது. கணக்கு சரியாக இருந்தது. ஒரு வண்டியில் இருந்து இறங்கிய சரக்கு இன்னொன்றில் ஏறித்தான் இருக்கும் என்பது எடை மேடைக்காரனுக்குத் தெரியாததா? பாக்கியலீலாவின் செருப்பு மண்ணில் அழுந்தி அழுந்திப் போனது அப்போதுதான் அவர் கண்ணில் தெரிந்தது. மேடையில் சரக்கைத் தவிர யாரும் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டு, கேட்டவர்கள் ஒருவரையும் நிறுக்காமல் தரையில் நிறுத்தி வைத்திருந்தது அவர்தான். இந்த மூன்று மாதமாக ஊரில் கேட்டவர்கள் எல்லாரும், புருஷன்மார், பிள்ளைகள், டீச்சர், ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள்.

வீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. அன்றைக்கு அறுநூற்று எண்பத்தெட்டு ஆனது. ஒவ்வொரு அடிக்கும் கால் பதிந்தது, பிடுங்க வேண்டியிருந்தது, பிடுங்கிய குழியில் உப்புத் தண்ணீர் ஊறியது. கடையில் இருந்து பார்த்த ஞானதுரை எழுந்து நின்றார்.

தவக்கனி வாசற்படியில் நின்றிருந்தாள். சற்று முன்னால்தான், சேலை மடித்துக்கொண்டிருந்தவள், தன்னை அறியாமல் எழுந்து அடுக்களைக்கும் வாசலுக்குமாகப் பதினைந்து இருபது தடவை சும்மா நடந்திருக்கிறாள். பிளந்த தளக்கல்லின் மேல்கூட நடந்திருக்கிறாள், அது ஆடவில்லை. இப்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் ரோடு வரைக்கும் வரிசையாகக் கிடந்த குழிகளைப் பார்த்தாள்.

"நாலு வண்டியும் போயிருச்சா?" என்றாள்.

அவர் குழியில் இருந்து காலைப் பிடுங்கி வைத்தார்.

"போயிருச்சு, கனி."

"வேற ஒண்ணும் சொல்லாதிய. சொன்னா நாங் கேக்கணும். இன்னைக்கு எனக்கு முடியாது."

அவர் தலையை ஆட்டப் போனவர், ஆட்டாமல் நின்றார். படியில் ஏறப் பார்த்தார். படி நொறுங்கி ஒரு பக்கம் சரிந்தது. அவள் இறங்கி வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"குதிங்கால ஊணாதிய. பாதம் முழுக்கப் பரத்தி வையுங்க. மூச்ச விட்டுட்டு அப்புறமா அடுத்த காலு. மொத வாரம் முழங்கால்தான் வலிக்கும், பெறகு இடுப்புக்கு வரும். பெறகு ஒண்ணும் தெரியாது, தூங்கி முழிச்சா மட்டும் தெரியும்." நடக்கப் பழகும் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லவில்லை, வேலைக்குப் புதிதாக வந்த ஆளுக்கு அளத்தில் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள்.

"நாளைக்கு மந்திரமூர்த்தி லாரி கொண்டாருவானே" என்றார் அவர்.

"வரட்டும். வந்து ஒரு காப்பியக் குடிச்சிட்டுப் போகட்டும்." பிறகு, பிடித்த கையை விடாமல், "பிள்ளைய எங்க வச்சிருக்குன்னு நீங்க கேக்கவே இல்ல" என்றாள்.

"எங்க வச்சிருக்கு?"

"ஒம்பதாம் பாத்திக்குக் கெழக்க. உடமரத்தடியில. வாங்க, காட்டுதேன். வெயில் இருக்கு, மெல்லப் போலாம்."

அவர்கள் புறப்பட்டார்கள். வரப்பில் போனால் உடையும் என்று அவரை வண்டித்தடத்தில் நடக்கவிட்டு, அவள் வரப்பின் மேல் கூடவே நடந்தாள். நடந்துகொண்டே பேசினாள். ஆண் பிள்ளை என்றாள். தலை நிறைய முடி என்றாள். இடது காதில் ஒரு மடிப்பு இருந்தது, அவர் காதில் இருப்பதுபோல என்றாள். நர்சம்மா நிறுத்துப் பார்த்துச் சொன்னாள், ரெண்டு கிலோ அறுநூறு, என்றாள்.

ரெண்டு கிலோ அறுநூறு அவருடைய எடை மேடையில் விழாது. அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அங்கே போகவில்லை.

வீட்டில் இருந்து அந்த உடைமரத்துக்கு எத்தனை அடி என்று பிற்பாடு ஞானதுரை ஒருநாள் கேட்டார். நாராயணவடிவு யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே வந்தாள், அவர் எண்ணவில்லை.